வெயில் காலத்துத் தோட்டக் காய்: எங்க வாங்கலாம், எப்படி சமைக்கலாம், எதுக்கு அலையவே வேண்டாம்

வெயில் காலம் வந்துட்டா காய்கறி விஷயத்துல எல்லாரும் ஒரே அட்வைஸ்தான் குடுப்பாங்க, பக்கத்துல விளையுறத விவசாயிகிட்ட நேரடியா வாங்குங்க, ஃப்ரெஷ்ஷா இருக்கும்னு. சரி, ஒத்துக்கறேன். ஆனா நேரடியான்னா எப்படி? தோட்டத்துக்கே போய் வாங்குறதா, விவசாயிங்க வந்து விக்கிற வாரச் சந்தைக்குப் போறதா, இல்ல சீசனுக்கு முன்னாடியே பணம் கட்டிட்டு வாரா வாரம் ஒரு பெட்டி காய் வாங்கிக்கிறதா? அதெல்லாம் விட முக்கியமா, எல்லா காய்க்கும் இந்த அலைச்சல் தேவையா? இந்தக் கடைசி கேள்விய யாரும் கேக்குறதில்ல, எனக்கு அதுதான் முதல் கேள்வி. ஏன்னா பறிச்சு எவ்ளோ நேரமாச்சுங்கிறது சில காய்க்கு உயிர் போற விஷயம், சில காய்க்கு சுத்தமா ஒண்ணுமே இல்ல. அது தெரிஞ்சா எங்க வாங்குறதுங்கிறது பாதி தானா முடிவாயிடும்.

செடியில இருந்து பறிச்ச பிறகும் காய் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கும், தனக்குள்ள இருக்குற சர்க்கரைய தானே எரிச்சுக்கிட்டு இருக்கும். சூடு ஏற ஏற அந்த வேகமும் ஏறும். இதுல ரொம்ப மோசமானது ஸ்வீட் கார்ன். 30 டிகிரி சூட்டுல ஒரே ஒரு நாள் கிடந்தா அதோட சர்க்கரையில பாதிக்கு மேல போயிடும், மாவுச்சத்தா மாறிடும், அதே கதிர் 0 டிகிரியில இருந்தா ஒரு நாளைக்கு ஆறு சதவீதம் மாதிரிதான் குறையும். நேத்து காலையில பறிச்சு வெயில்ல அடுக்கி வெச்ச கதிர் சப்புன்னு இருக்குன்னா ரகம் மட்டம்னு அர்த்தம் இல்ல, ஒரு நாள் லேட்டு, அவ்ளோதான். இப்ப வர்ற சூப்பர் ஸ்வீட் ரகங்கள்ல சர்க்கரையும் ஜாஸ்தி, அது மாவா மாறுறதும் மெதுவா நடக்கும், அதனால விக்கிறவங்ககிட்ட எந்த ரகம்னு கேட்டுக்கறது நல்லது. பச்சைப் பட்டாணியும் இதே கேஸ்தான். பீன்ஸ், வெண்டைக்காய், கீரை, ப்ராக்கலி இதெல்லாம் அடுத்த வரிசை, இதுங்களும் வேகமா மூச்சு விடுற பார்ட்டிங்க, ரெண்டு மூணு நாள்ல வித்தியாசம் நாக்குலயே தெரியும்.

இன்னொரு கடைசியில வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, முத்தின பூசணி. இதுங்கள பறிச்ச அன்னைக்கே சாப்பிட்டா தனி ருசின்னு எதுவும் கிடையாது. வெங்காயத்தையும் பூண்டையும் பிடுங்கின பிறகு நல்லா காயவெச்சாத்தான் அது வெங்காயம், அதுக்கப்புறம் மாசக்கணக்குல நிக்கும். இதுக்காக நாப்பது கிலோமீட்டர் போய்ட்டு வர்றதுல எந்த அர்த்தமும் இல்ல.

தக்காளி ரெண்டுலயும் சேராது. அதுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சுங்கிறத விட எந்தப் பருவத்துல பறிச்சாங்கங்கிறதுதான் விஷயம். தூரமா போற தக்காளிய பச்சையாவோ, லேசா நிறம் திரும்புறப்பவோ பறிச்சுடுவாங்க, வழியில சிவக்கும், இல்ல எத்திலீன் வாயு விட்டு சிவக்க வைப்பாங்க. நிறம் வந்துடும், மணமும் இனிப்பும் முழுசா வராது. அது போக அந்த மாதிரி ரகங்கள தோல் தடிமன், அடிபட்டா தாங்குற சக்தி இதெல்லாம் பாத்துத்தான் உருவாக்கியிருப்பாங்க, ருசி அந்த லிஸ்ட்ல கடைசியில இருந்திருக்கும். செடியிலயே பழுத்த தக்காளி லாரி பயணத்தத் தாங்காது, அதனாலதான் அது கிட்டத்துல விளைஞ்சதா இருந்தாத்தான் கிடைக்கும். என்னைக் கேட்டா உள்ளூர்ல வாங்குறதுக்கு இது ஒண்ணே போதுமான காரணம்.

இப்ப எங்க வாங்குறதுக்கு வருவோம்.

தோட்டத்துக்கே போறதுல கண்ணுக்கு முன்னாடி பறிச்சுத் தருவாங்க, சில இடத்துல நாமளே பறிச்சுக்கலாம், மண்ணு, தண்ணி, மருந்து அடிச்சாங்களா இல்லையா எல்லாம் நேர்ல கேட்டுக்கலாம். கார்னுக்கும் பட்டாணிக்கும் இத விட நல்ல வழி கிடையாது. ஆனா அன்னைக்கு என்ன பறிக்கிற பதத்துல இருக்கோ அதுதான் கிடைக்கும், கத்தரிக்காய் வேணும்னு போய் நாலு கிலோ வெள்ளரியோட திரும்பி வருவீங்க. இன்னொண்ணு, சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு நெனச்சு தனி காரை எடுத்துக்கிட்டு ரெண்டு கிலோ காய்க்காக ரொம்ப தூரம் போறது கணக்குக்கு ஒத்து வராது. அமெரிக்காவுல 2008ல வந்த ஒரு ஆய்வுல உணவால வர்ற மொத்த கார்பன் வெளியேற்றத்துல போக்குவரத்தோட பங்கு சுமார் 11 சதவீதம்தான்னு கணக்கு போட்டாங்க, அதுலயும் விளைஞ்ச இடத்துல இருந்து கடைக்கு வர்ற கடைசி கட்டம் வெறும் 4 சதவீதம், பெரும்பகுதி விளைவிக்கிறதுலயே போயிடுது. அதனால ருசிக்காகப் போங்க, விவசாயி கையில முழுக் காசும் போகணும்னு போங்க, புவி வெப்பத்தக் குறைக்கிறேன்னு போகாதீங்க. வேற வேலையா அந்தப் பக்கம் போறப்ப வாங்கிட்டு வர்றதுதான் புத்திசாலித்தனம்.

வாரச் சந்தைதான் பெரும்பாலானவங்களுக்கு சரியா வரும்னு எனக்குத் தோணுது. நாலஞ்சு விவசாயிங்க பக்கத்துப் பக்கத்துல இருக்கறதால ஒப்பிட்டுப் பாக்கலாம், தொட்டுப் பாக்கலாம், எது பிடிக்குதோ அது மட்டும் எடுக்கலாம், அந்த வாரம் வீட்ல யாரும் இல்லன்னா போகாமயே இருக்கலாம். இதுல பாக்க வேண்டியது ஒண்ணுதான், விக்கிறவர் விளைவிச்சவர்தானா. மொத்த மார்க்கெட்ல எடுத்து வந்து விவசாயி கடை மாதிரி பரப்பி விக்கிறவங்களும் இருப்பாங்க. எல்லா காயும் ஒரே சைஸ்ல, ஒரே நிறத்துல இருக்கு, சீசன்லயே இல்லாத காயும் பக்கத்துல இருக்கு, கீழ பாத்தா கம்பெனி பேர் போட்ட அட்டைப்பெட்டின்னா கொஞ்சம் யோசிங்க. எப்ப பறிச்சீங்க, இது என்ன ரகம், அடுத்த வாரம் என்ன வரும்னு மூணு கேள்வி சாதாரணமா கேட்டா போதும், விளைவிச்சவங்க நிறுத்தாம பேசுவாங்க, மத்தவங்க எல்லாம் ஃப்ரெஷ்தான்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க.

சந்தைக்கு எப்ப போறதுன்னும் ஒரு கேள்வி இருக்கு. காலையில சீக்கிரம் போனா நல்லது கிடைக்கும், முடியுற நேரத்துல போனா மலிவா கிடைக்கும், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா காய்க்குக் காய் இது மாறும். கீரை, கார்ன், பீன்ஸ் இதெல்லாம் மதியம் வரைக்கும் வெயில்ல கிடந்திருந்தா விலை குறைஞ்சாலும் விட்டுடுங்க. விடிகாலையில பறிச்ச காய்ல வயல் சூடு கம்மியா இருக்கும், அதுதான் அதோட பெரிய லாபமே, மதியம் வரைக்கும் வெயில்ல வெச்சா அந்த லாபம் போச்சு. குடைமிளகாய், பூசணி, உருளை, கீறல் விட்ட தக்காளி இதுக்கெல்லாம் கடைசி நேரம்தான் சரியான நேரம்.

முன்பணம் கட்டி பெட்டி வாங்குறது மூணாவது வழி. 1970கள்ல ஜப்பான்ல டெய்கெய்ங்கிற பேர்ல நுகர்வோர் குடும்பங்களும் விவசாயிங்களும் நேரடியா ஒப்பந்தம் போட்டுக்க ஆரம்பிச்சாங்க, அமெரிக்காவுல 1986 வாக்குல இந்த மாதிரி பண்ணைங்க வந்துச்சு, இப்ப பல நாட்டுல பல வடிவத்துல இருக்கு. அடிப்படை என்னன்னா சீசன் ஆரம்பத்துலயே பணத்தக் குடுத்துடுறீங்க, விவசாயிக்கு விதை வாங்குற நேரத்துல கடன் தேட வேண்டியதில்ல, விளைச்சல் நல்லா இருந்தா உங்களுக்கு நிறைய வரும், ஆலங்கட்டி மழை அடிச்சா உங்களுக்கும் குறையும். அதாவது நீங்க வாடிக்கையாளர் மட்டும் இல்ல, நஷ்டத்துலயும் கொஞ்சம் பங்கு எடுத்துக்கறவர். இது நல்ல ஏற்பாடுதான், விவசாயிக்கு இத விட உதவியானது மூணு வழியிலயும் வேற இல்ல.

ஆனா சமையலறைப் பக்கம் இருந்து பாத்தா பெட்டி ஒரு கட்டளை. இந்த வாரம் என்ன சமைக்கணும்னு பெட்டிதான் சொல்லும். வெயில் உச்சத்துல சுக்கினியும் (பாக்க வெள்ளரி மாதிரி இருக்குற பூசணி வகை) வெள்ளரியும் ஒரே நேரத்துல காய்ச்சுத் தள்ளும், ரெண்டு பேர் இருக்குற வீட்டுக்கு ஆறு சுக்கினி வந்தா, அதுக்கு அடுத்த வாரமும் ஆறு வந்தா, என்ன பண்ணுவீங்க? வாரத்துல அஞ்சு நாளாவது வீட்ல சமைக்கிறவங்க, இது புடிக்காது அது புடிக்காதுன்னு சொல்லாத வீடு, இல்ல சமையல்ல புதுசு புதுசா பண்ணிப் பாக்குற ஆர்வம் இருக்குறவங்க, இவங்களுக்கு பெட்டி அருமையா செட் ஆகும். வாரத்துல ரெண்டு நாள்தான் அடுப்பே பத்த வைப்பேன்னா வேண்டவே வேண்டாம், ஃப்ரிட்ஜோட அடித்தட்டுல அழுகுற காய்தான் இருக்கறதுலயே காஸ்ட்லியான காய். சேர்றதுக்கு முன்னாடி பாதிப் பெட்டி உண்டா, ஊருக்குப் போற வாரம் நிறுத்தி வெக்கலாமா, வேண்டாதத மாத்திக்க வழி இருக்கா, பெட்டி கைக்கு வர்ற நாளுக்கு எவ்ளோ முன்னாடி பறிக்கிறாங்க, இதெல்லாம் கேளுங்க. கடைசி கேள்விதான் முக்கியம், ஏன்னா ரெண்டு நாள் முன்னாடி பறிச்சு குளிர் அறை இல்லாம வெச்சிருந்தா அது உள்ளூர் காய், ஆனா ஃப்ரெஷ் காய் இல்ல.

இந்த இடத்துல சூப்பர்மார்க்கெட்ட திட்டுறதுதான் வழக்கம், நான் திட்டப்போறதில்ல. பறிச்ச உடனே குளிர வெச்சு அந்தக் குளிர் விடாம கடை வரைக்கும் வந்த கீரை, காலையில பறிச்சு பிளாஸ்டிக் பையில கட்டி மதியம் வரைக்கும் வெயில்ல வெச்ச கீரைய விட நல்லா இருக்க வாய்ப்பு உண்டு. ஃப்ரோசன் பட்டாணியும் ஃப்ரோசன் கார்னும் பெரும்பாலும் பறிச்ச சில மணி நேரத்துலயே கொதி தண்ணியில காட்டி உறைய வெச்சது, அதனால மூணு நாள் ஆன காய்ஞ்ச பட்டாணிக் காய உரிச்சு சமைக்கிறத விட அது எவ்வளவோ மேல். சூப்பர்மார்க்கெட் தோக்குற இடம் தக்காளியும் கார்ன் கதிரும். மீதியெல்லாம் ஏறக்குறைய சமம், இல்ல சின்ன வித்தியாசம்.

அப்புறம் உள்ளூர்னா இயற்கை விவசாயம்னு நாமளே நெனச்சுக்கறோம், அது வேற இது வேற. பக்கத்துத் தோட்டத்துலயும் மருந்து அடிக்கலாம், தூரத்துல இருந்து சான்றிதழோட இயற்கைக் காய் வரலாம். உங்களுக்கு எது முக்கியம்னு நீங்கதான் முடிவு பண்ணணும், ஆனா ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு காசு குடுக்காதீங்க.

என் பங்குக்கு நான் பண்றது கலப்புதான். தக்காளி, கார்ன், பீன்ஸ், வெண்டை, வெள்ளரி சந்தையில. வெங்காயம், உருளை, பூண்டு எங்க சௌகரியமோ அங்க. பட்டாணி அன்னைக்கே பறிச்சதா கிடைச்சா சரி, இல்லன்னா ஃப்ரோசன்.

எடுக்குறப்ப பாக்க வேண்டியதுல ஒரு பொதுவான விஷயம் சொல்லிடறேன், பெருசு நல்லதில்ல. சுக்கினி பதினஞ்சுல இருந்து இருபது சென்டிமீட்டர் நீளத்துல இருக்குறப்பதான் ருசி, அதுக்கு மேல போனா விதையும் பஞ்சும்தான். வெண்டைக்காய்க்கு நுனிய ஒடிச்சுப் பாக்குற வழக்கம் ரொம்ப சரியானது, டக்குன்னு ஒடிஞ்சா பிஞ்சு, வளைஞ்சா முத்தல், என்ன, விக்கிறவங்க மொறைப்பாங்க, ரெண்டோட நிறுத்திக்கோங்க. பீன்ஸ்ல விதை வெளிய முட்டிக்கிட்டு தெரிஞ்சா விட்டுடலாம். கத்தரிக்காய் தோல் பளபளன்னு இருக்கணும், கைக்கு கனமா இருக்கணும், அமுக்கினா பழைய நிலைக்குத் திரும்பணும், மங்கிப்போய் இருந்தா உள்ள விதை கறுத்திருக்கும். கார்ன் கதிர வாங்குறப்ப மேல் தோகைய உரிச்சுப் பாக்காதீங்க, உரிச்சா காய ஆரம்பிச்சுடும், வெளியில இருந்தே தடவிப் பாத்தா மணி நிறைஞ்சிருக்கா தெரியும், அடிக்காம்பு வெட்டின இடம் ஈரமா இருந்தா இன்னைக்குப் பறிச்சது, பழுப்பேறி காய்ஞ்சிருந்தா இல்ல. பச்சை குடைமிளகாய் பெரும்பாலும் பழுக்காத காய்தான், அதே செடியில விட்டா சிவப்பாவோ மஞ்சளாவோ மாறும், அதனாலதான் சிவப்பு இனிப்பா இருக்கு, வைட்டமின் சியும் ஜாஸ்தி, செடியில கூடுதல் நாள் இருந்ததால விலையும் ஜாஸ்தி.

வீட்டுக்கு வந்ததும் எல்லாத்தையும் ஃப்ரிட்ஜ்ல தள்ளுறோமே, அங்கதான் நிறைய பேரோட உழைப்பு வீணாப் போகுது. வெயில் காலக் காய் பாதி வெப்பமான நாட்டுச் செடிங்க, குளிர் தாங்காது. தக்காளி பன்னெண்டு டிகிரிக்குக் கீழ போனா மணம் போக ஆரம்பிக்கும், 2016ல ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆளுங்க 5 டிகிரியில ஒரு வாரம் வெச்சுப் பாத்து, மணம் தர்ற ஜீன்களே சரியா வேலை செய்யுறத நிறுத்திடுது, வெளிய எடுத்து வெச்சாலும் முழுசா திரும்புறதில்லன்னு கண்டுபிடிச்சாங்க. அதனால பழுத்த தக்காளி மேடையில இருக்கட்டும், ரொம்ப பழுத்து இன்னும் ஒரு நாள்ல கெட்டுடும்னா மட்டும் உள்ள. வெள்ளரி, கத்தரி, வெண்டை இதெல்லாம் ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மூணு நாள் தாங்கும், அதுக்கு மேல குழி விழும், கொழகொழன்னு ஆகும், ஃப்ரிட்ஜோட கதவுப் பக்கம் மாதிரி குளிர் கம்மியான இடத்துல வெச்சு சீக்கிரம் முடிச்சுடுங்க. கார்னும் பட்டாணியும் கீரையும் நேர் எதிர், வந்த உடனே நல்ல குளிர்ல வெக்கணும், கார்ன தோகையோடவே. கழுவி வெக்காதீங்க, ஈரம் அழுகலுக்கு அழைப்பு, சமைக்கிறப்ப கழுவுனா போதும். கேரட், பீட்ரூட் மேல இருக்குற கீரையப் பாத்து ஆசையா வாங்குவோம், ஆனா வீட்டுக்கு வந்ததும் வெட்டிடணும், இல்லன்னா அது கிழங்கோட தண்ணியெல்லாம் உறிஞ்சிடும்.

சமையலுக்கு வந்தா வழிங்க நிறைய இல்ல. பச்சையா, தண்ணி இல்ல ஆவி, சூடான வாணலி, ஓவன் இல்ல நெருப்பு, மெதுவா கொதிக்க விடுறது. நல்ல காய்க்கு கை கம்மியா வைக்கணும்னு சொல்லுவாங்க, பாதி காய்க்கு அது உண்மை, கத்தரிக்காய்க்கு அது பெரிய பொய்.

அன்னைக்குப் பறிச்ச கார்ன், கொதிக்கிற தண்ணியில மூணு நாலு நிமிஷம் போதும், அதுக்கு மேல வெச்சா மணி இறுகிடும். நெருப்புல சுட்டா ஒரு கருகல் ருசி சேரும், அது நல்லாத்தான் இருக்கு, ஆனா சுடுறது ரெண்டு நாள் ஆன கதிருக்கு நான் வெச்சுக்கறது, இனிப்பு குறைஞ்சத அந்தக் கருகல் மூடி மறைச்சுடும். உண்மையான ஃப்ரெஷ் கதிர மணிய சீவி பச்சையாவே சாலட்ல போடலாம், பால் மாதிரி தெறிக்கும்.

தக்காளிய ரெண்டா பிரிச்சுக்கோங்க. அழகா பழுத்தது பச்சையா, வெட்டி உப்பு தூவி பத்து நிமிஷம் விட்டா வர்ற சாறே டிரெஸ்ஸிங், கூட நல்லெண்ணெயோ ஆலிவ் ஆயிலோ கொஞ்சம். விதைய வழிச்சு எறியாதீங்க, அதச் சுத்தி இருக்குற ஜெல்லிப் பகுதியில உமாமிங்கிற, நாக்குல நிக்கிற ஆழமான ருசி தர்ற குளுட்டமேட் சதையில இருக்கறத விட ஜாஸ்தி. கீறல் விட்டது, நசுங்கினது, மலிவா கிடைச்சது எல்லாம் எண்ணெயோட மெதுவா கொதிக்க வெக்கிறதுக்கு. சத்து பாக்குறவங்களுக்கும் இதுல ரெண்டு பக்கம் உண்டு, பச்சையா சாப்பிட்டா வைட்டமின் சி முழுசா கிடைக்கும், எண்ணெயோட வேகவெச்சா தக்காளிக்கு சிவப்பு நிறம் தர்ற லைகோபீன்ங்கிற சத்து உடம்புல நல்லா சேரும். ரெண்டும் மாத்தி மாத்தி சாப்பிடுங்க, அவ்ளோதான்.

பீன்ஸ்தான் எனக்கு சண்டை போடுற சப்ஜெக்ட். பச்சை நிறம் போயிடக்கூடாதுன்னு பாதி வெந்ததும் எடுத்துடறாங்க, கடிச்சா பல்லுல கிறீச்சுங்குது, அது ஃப்ரெஷ்ஷோட அடையாளம்னு வேற சொல்றாங்க. வேகாத பீன்ஸ்ல லெக்டின்ங்கிற ஒரு புரதம் இருக்கு, பச்சையா நிறைய சாப்பிட்டா வயித்தக் கலக்கும், நல்லா வெந்தாத்தான் அதோட இனிப்பும் வெளிய வரும். நிறையத் தண்ணி, நல்லா உப்பு, மூடாம, நல்லா கொதிக்குறப்ப போட்டு அஞ்சுல இருந்து ஏழு நிமிஷம், ஒண்ணக் கடிச்சுப் பாத்து எடுங்க. எலுமிச்சையோ தக்காளியோ சேக்குறதா இருந்தா கடைசியில, புளிப்பு பட்டா பச்சை நிறம் ஆலிவ் நிறமா மாறும், அது கூட பரவால்ல, வேகுறதே ரொம்ப மெதுவாயிடும். இதே காரணத்தாலதான் தக்காளி கிரேவியில நேரா போட்ட பீன்ஸும் உருளையும் மணிக்கணக்கா வேகாம அடம் பிடிக்கும். தண்ணியில வேகவெச்சா வைட்டமின் சி கொஞ்சம் தண்ணியோட போகும், அது கவலைன்னா ஆவியில வைங்க, நிமிஷம் கொஞ்சம் கூடும்.

வெண்டைக்காய்க்கு எதிரி ஈரம். அந்த வழவழப்பு தண்ணியில கரையுற பொருள், தண்ணி பட்டா பெருகும். கழுவி, துணியில நல்லா துடைச்சு, காய விட்டு, அப்புறம் வெட்டி, அகலமான வாணலியில நல்ல சூட்டுல மூடி போடாம வதக்கினா வழவழப்பு அடங்கிடும், கொஞ்சம் புளிப்பு சேத்தா இன்னும் அடங்கும். முழுசாவே எண்ணெய் தடவி ஓவன்ல 220 டிகிரியில வெச்சா வெட்டவே வேண்டியதில்ல, வழவழப்புப் பிரச்சனையே வராது, எனக்கு இதுதான் இப்ப பிடிச்ச வழி. குழம்பு கெட்டியாகணும்னு போடுறவங்களுக்கு இந்த அட்வைஸ் எல்லாம் தலைகீழ்.

சுக்கினி, வெள்ளரி ரெண்டும் தொண்ணூத்தஞ்சு சதவீதம் தண்ணி. இத மறந்துட்டு சுக்கினிய வாணலி நிறைய போட்டு வதக்கினா அது அதோட தண்ணியிலயே வெந்து கூழாகும், அதப் பாத்துத்தான் பலபேர் சுக்கினின்னாலே முகம் சுளிக்கிறாங்க. வெட்டி உப்பு போட்டு இருபது நிமிஷம் வடிகட்டியில வெச்சு பிழிஞ்சுட்டு, கொஞ்சம் கொஞ்சமா, அதிக சூட்டுல போடுங்க, ஓரம் பழுப்பாகணும். ஓவன்லயும் இதேதான், தட்டுல நெருக்கி அடுக்கினா வறுபடாது, ஆவியிலதான் வேகும், இடைவெளி விட்டு ஒரே அடுக்கா பரப்புங்க. இங்க ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். சுக்கினியோ சுரைக்காயோ வெள்ளரியோ ஒரு துண்டு வாயில போட்டதும் கடுமையா கசந்தா துப்பிட்டு மொத்தத்தையும் எறிஞ்சுடுங்க, அது குக்குர்பிட்டாசின்ங்கிற நஞ்சு, சமைச்சாலும் போகாது. 2015ல ஜெர்மனியில தோட்டத்துல விளைஞ்ச கசப்பு சுக்கினிய சாப்பிட்ட ஒருத்தர் இறந்தே போனார். வீட்ல சேமிச்ச விதையில வளர்த்ததுல இது வர வாய்ப்பு ஜாஸ்தி, பக்கத்துல அலங்காரப் பூசணி இருந்தா மகரந்தம் கலந்துடும். பாவம், காசு குடுத்து வாங்குனதாச்சேன்னு மசாலா போட்டு மறைக்கிற வேலையெல்லாம் இதுல வேண்டாம்.

கத்தரிக்காய் முழுக்க காத்து நிரம்பின ஸ்பாஞ்ச், எண்ணெய குடிச்சுக்கிட்டே இருக்கும். அத வறுக்கணும்னா முதல்ல அஞ்சு நிமிஷம் ஆவியிலயோ மைக்ரோவேவ்லயோ காட்டினா அந்தக் காத்தறைங்க அமுங்கிடும், எண்ணெய் பாதி போதும். ஆனா இதுக்கு ஒப்பீடே தேவையில்லாத ஒரு வழி இருக்கு, முழுக் காய நேரடி நெருப்புல போட்டு தோல் கருகி உள்ள குழையுற வரைக்கும் சுடுறது. பாதி வெந்த கத்தரிக்காய் மாதிரி மோசமான பண்டம் இல்ல, அதனால சந்தேகம் வந்தா இன்னும் அஞ்சு நிமிஷம் விடுங்க. குடைமிளகாயையும் அதே நெருப்புல சுட்டு, மூடின பாத்திரத்துல கால் மணி நேரம் வெச்சா தோல் தானா கழண்டு வரும்.

இவ்ளோ பாத்து வாங்கியும் சில வாரம் மிஞ்சத்தான் செய்யும், பெட்டி எடுக்குறவங்களுக்கு நிச்சயம் மிஞ்சும். தக்காளிய கழுவித் துடைச்சு முழுசாவே ஃப்ரீசர்ல போட்டுடலாம், வெளிய எடுத்து குழாய்த் தண்ணியில காட்டினா தோல் உரிஞ்சு வந்துடும், பச்சையா சாப்பிட லாயக்கில்ல, கொதிக்க வெக்கிறதுக்கு அருமை. பீன்ஸ மூணு நிமிஷம் கொதி தண்ணியில போட்டு உடனே ஐஸ் தண்ணிக்கு மாத்தி, துடைச்சு உறைய வைங்க, அந்த மூணு நிமிஷத்த விட்டுட்டா என்சைம் வேலைய நிறுத்தாது, ஃப்ரீசர்லயே நிறமும் ருசியும் போயிடும். சுக்கினிய துருவி பிழிஞ்சு அளவு அளவா கட்டி வெக்கலாம். வெள்ளரிய மட்டும் உறைய வெக்கவே வெக்காதீங்க, வினிகர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை கலந்த தண்ணியில போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஒண்ணு ரெண்டு வாரம் ஓடும். பூண்டோ சுட்ட குடைமிளகாயோ எண்ணெயில போட்டு பாட்டில்ல அழகா அடுக்கி மேடையில வெக்கிறது பாக்க நல்லா இருக்கும், ஆனா காத்துப் படாத எண்ணெய்க்குள்ள, புளிப்பு இல்லாத காய்ல, அறைச் சூட்டுல பாட்டுலிசம்ங்கிற உயிருக்கே ஆபத்தான நோயத் தர்ற விஷம் உருவாகலாம், வாசனையிலயோ நிறத்துலயோ தெரியவும் தெரியாது, அதனால அந்த பாட்டில் ஃப்ரிட்ஜ்ல இருக்கணும், நாலு நாளைக்குள்ள காலியாகணும்.